குற்றம் யார் மீது? மணவிலக்குச் சட்டம் நம்மிடம் வந்து சேர்ந்த கதை



குடும்பம் பற்றித் தொலைக்காட்சியில் கருத்தரங்கு வைத்தால் நேயர்களிடமிருந்து தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "தப்பு செய்தவர் அவர். அதைக் கோர்ட்டில் நிரூபித்தால்தான் எனக்கு விடுதலையா? இல்லை, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிடலாமா?" பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆண்களும் கேட்காமல் இல்லை.

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சட்டம் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, நம் பாட்டிமாருக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் அந்தப் பதில் இன்னும் நன்றாக விளங்கும். ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

தோட்டத்தில் தாலி ஏறிய காலம்

குளுவாங், ரெங்கம், லாபீஸ், சிகாமட், குலாய், கோத்தா திங்கி. ஜோகூரில் ரப்பர் பால் வடித்த இந்த வட்டாரங்களில் நம் முன்னோர் கங்காணிகள் மூலமாகவும் சொந்தமாகவும் வந்து குடியேறினார்கள். உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து அனுப்புவதை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் நிறுத்தும் வரை அந்த வரத்து நீடித்தது.

தோட்டத்துக் கோயிலில் பூசாரி முன்னிலையில் தாலி ஏறும். லயத்து மக்கள் சாட்சி. பதிவுச் சீட்டு கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை. சட்டத்தின் கண்ணிலும் அது திருமணம்தான், இந்து வழக்கப்படி நடந்த செல்லுபடியாகும் திருமணம்.

சேர்வதற்கு வழி இருந்தது. பிரிவதற்குத்தான் இல்லை. அன்றைய நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட இந்து சட்டத்தில் திருமணம் என்பது ஒரு சமயச் சடங்கு. அதை முறிக்க இடமில்லை. அதே இந்து சட்டம் ஆணுக்கு இன்னொரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அவன் இரண்டாவது மனைவியைக் கட்டிக்கொள்ளலாம். கணவன் அடுத்த லயத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தினாலும் முதல் மனைவியின் கழுத்தில் தாலி அப்படியே இருக்கும். அவளுக்கு விடுதலை என்ற சொல்லே சட்டத்தில் இல்லை.

நம் ஊர் வழக்கத்தில் "தீர்த்து விடுவது", "அறுத்துக் கட்டுவது" என்பதெல்லாம் இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் பஞ்சாயத்து கூடி, தாலியைத் திருப்பிக் கொடுத்து, மறுமணத்துக்கு வழிவிட்டது உண்டு. மணமுறிவே தமிழனுக்குத் தெரியாத மேல்நாட்டுச் சரக்கு என்று மேடையில் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மனைவியைக் "கூட்டிக்கொண்டு போன" குற்றம்

மண முறிவுக்குச் சட்டம் இல்லாத அந்தக் காலத்தில் கணவனுக்கு மட்டும் ஒரு குற்றவியல் ஆயுதம் இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 498ஆவது பிரிவு அது. இன்னொருவன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்பவனுக்குச் சிறைத் தண்டனை. தோட்டங்களில் பெண்கள் குறைவாக இருந்த பழைய நாட்களில் இப்படிப்பட்ட வழக்குகள் காலனி நீதிமன்றங்களுக்கு வந்தன. அடித்த கணவனை விட்டு வெளியேறிய பெண் அங்கே வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல. களவு போன பொருள்போல அவளைப் பற்றிப் பேசினார்கள்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதிதான் தீர்ப்பளித்தது. கணவன் மட்டுமே புகார் செய்யலாம், மனைவிக்கு அந்த உரிமை இல்லை என்பது பாலினப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது.

1952: பாதிப் பேருக்கு மட்டும் ஒரு சட்டம்

குற்றத்தின் அடிப்படையில் மணவிலக்கு என்ற கருத்து இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. அங்கே 1857ஆம் ஆண்டுச் சட்டம் மணவிலக்கை நீதிமன்றத்தின் கையில் கொடுத்தது. மனைவி கள்ள உறவு கொண்டதாக நிரூபித்தால் போதும், கணவனுக்கு விடுதலை. கணவனின் கள்ள உறவு மட்டும் மனைவிக்குப் போதாது. அதோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் அவள் காட்ட வேண்டும். இந்த ஓரவஞ்சனை 1923இல்தான் நீங்கியது. ஏ. பி. ஹெர்பர்ட் என்ற எழுத்தாளர் நாடாளுமன்ற உறுப்பினராகி முயன்றதால் வந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் கொடுமை, கைவிடல், தீராத மனநோய் ஆகியவற்றையும் காரணங்களாகச் சேர்த்தது.

அதற்கு முன் நடந்த கூத்தைக் கேளுங்கள். கள்ள உறவு ஒன்றே காரணம் என்பதால், மனமொத்துப் பிரிய விரும்பிய தம்பதிகள் நாடகம் போட்டார்கள். கணவர் கடற்கரை ஊர் ஹோட்டலில் கூலிக்கு அமர்த்திய ஒரு பெண்ணோடு அறை எடுப்பார். காலையில் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண் சாட்சி. சட்டம் குற்றத்தைக் கேட்டது, மக்கள் குற்றத்தைத் தயாரித்துக் கொடுத்தார்கள்.

மலாயாவில் 1952ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் இந்த 1937ஆம் ஆண்டு முறையையே பின்பற்றியது. கள்ள உறவு, மூன்று ஆண்டு கைவிடல், கொடுமை, தீராத மனநோய் ஆகியவை காரணங்கள். ஆனால் ஒருவனுக்கு ஒருத்தி என்ற விதிப்படி நடந்த திருமணத்துக்கு மட்டுமே அது பொருந்தும். தேவாலயத்தில் மணந்த கிறிஸ்தவத் தமிழருக்கு அது கிடைத்தது. அரசாங்கப் பதிவாளர் முன்னிலையில் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும் கிடைத்தது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற தோட்டத் தமிழச்சிக்கு? கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் ஜீவனாம்சச் சட்டப்படி அவள் மாதப் பணம் கேட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். சோற்றுக்கு வழி கேட்கலாம், விடுதலை கேட்க முடியாது.

இதே காலத்தில் தாய்நாட்டில் நிலைமை மாறிவிட்டது. சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டிலேயே இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்கை அனுமதித்துச் சட்டம் இயற்றியது. 1955இல் இந்து திருமணச் சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்தது. கடல் கடந்து வந்தவர்களுக்கு அந்தச் சட்டம் துணை வரவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீதி

ஜோகூர்க்காரர்களாகிய நமக்கு இன்னொரு ஒப்பீடும் உண்டு. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டில் மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் அனைவருக்கும் ஒருதார மணம், பதிவு, மணவிலக்கு என்று ஒரே சட்டம். உட்லண்ட்ஸில் இருந்த அக்காவுக்கு 1961இல் கிடைத்த பாதுகாப்பு, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் இருந்த தங்கைக்குக் கிடைக்க மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒரே குடும்பம், ஒரே சமயம், ஒரே மாதிரித் தாலி, இருவேறு நீதி.

1982 மார்ச் 1: கணக்கு மாறிய நாள்

1970ஆம் ஆண்டுவாக்கில் அரசாங்கம் முஸ்லிம் அல்லாதாரின் திருமண, மணவிலக்குச் சட்டங்களை ஆராய அரச ஆணையம் ஒன்றை அமைத்தது. மலாயாத் தலைமை நீதிபதியாக இருந்த டான்ஸ்ரீ ஓங் ஹோக் தை அதற்குத் தலைவர். அதன் பரிந்துரைகளை ஒட்டி வந்த மசோதா நாடாளுமன்றத் தெரிவுக்குழுவுக்குப் போய், திருத்தம் பெற்று, 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமாக உருவெடுத்தது. சட்டம் தயாரான பிறகும் ஆறு ஆண்டு காத்திருப்பு. 1982 மார்ச் 1ஆம் தேதிதான் அது அமலுக்கு வந்தது.

அந்த ஒரு நாளில் என்னென்ன மாறின? முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது கட்டாயமானது. முதல் மனைவி இருக்க இரண்டாவது கட்டினால் அது செல்லாது, தண்டனைக்கும் உரியது. பதிவு கட்டாயமானது. அதற்கு முன் சமய, சமூக வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்கள் பதிவு செய்யப்பட்டவையாகவே கருதப்பட்டன. எனவே 1960களில் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட மனைவிக்கும் உயர்நீதிமன்றத்தின் கதவு முதன்முதலாகத் திறந்தது. நம் வழக்கத்துக்கும் சட்டம் ஓரிடத்தில் மதிப்புக் கொடுத்தது. தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவதை இந்துக்களுக்கு மட்டும் விலக்களித்து அனுமதித்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் வழக்கத்துக்கு இடமில்லை. 8ஆவது பிரிவின்படி, ஒரு திருமணம் மரணத்தாலோ நீதிமன்ற உத்தரவாலோ மட்டுமே முடியும். இந்தியச் சட்டம் வழக்கப்படி தீர்த்துவிடுவதை இன்றும் அங்கீகரிக்கிறது. நம் சட்டம் அங்கீகரிக்கவில்லை. ஆகவே கோயில் தலைவர் முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, தாலியைத் திருப்பிக் கொடுத்தாலும் அது மணவிலக்கு ஆகாது. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டால் அந்த மறுமணம் செல்லாது. பின்னாளில் சொத்து, ஊழியர் சேமநிதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்று வரும்போது குடும்பமே தெருவில் நிற்கும்.

குற்றம் போய்விட்டதா?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1982க்குப் பிறகு மணவிலக்குக்கு இரண்டு வழிகள். ஒன்று, 52ஆவது பிரிவு. இருவரும் சம்மதித்துக் கூட்டாக மனுச் செய்யலாம். பிள்ளைகள், ஜீவனாம்சம், சொத்து ஆகியவற்றுக்கு முறையான ஏற்பாடு இருந்தால் யார் மீதும் குற்றம் சொல்லத் தேவையில்லை.

மற்றொன்று, 53ஆவது பிரிவு. ஒருவர் மட்டும் மனுச் செய்வது. அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: திருமணம் சரிசெய்ய முடியாதபடி முறிந்துவிட்டது. ஆனால் முறிந்ததை எப்படிக் காட்டுவது? 54ஆவது பிரிவு நான்கு நிலைகளைச் சொல்கிறது. துணைவரின் கள்ள உறவும், அவரோடு வாழ்வது சகிக்க முடியாததாகிவிட்டது என்பதும் முதலாவது. சேர்ந்து வாழ எதிர்பார்க்க முடியாத அளவுக்கு நடந்துகொண்டது இரண்டாவது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கைவிட்டது மூன்றாவது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பிரிந்து வாழ்ந்தது நான்காவது.

கவனித்தீர்களா? நான்கில் மூன்று பழைய குற்றங்கள்தான். முன்வாசலில் வழியனுப்பி வைத்த குற்றத்தை நம் சட்டம் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்து உட்கார வைத்திருக்கிறது. இது குறையா, நிறையா? இரண்டும்தான்.

எப்போது இந்த வழி?

முதலாவது, மற்றவர் கையெழுத்துப் போட மறுக்கும்போது. "உன்னை வாழவும் விடமாட்டேன், போகவும் விடமாட்டேன்" என்று சொல்கிறவரிடம் சம்மதம் கேட்டுக் காலத்தைக் கழிப்பதில் பயன் இல்லை.

இரண்டாவது, அடி, உதை, மிரட்டல் இருக்கும்போது. இரண்டு ஆண்டு பிரிந்து இருந்துவிட்டு வா என்பது கையில் காசும் போக இடமும் உள்ளவர்களுக்குத்தான் ஒத்துவரும். பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் மாட்டிக்கொண்டிருக்கும் பெண் நடத்தையைக் காரணம் காட்டி மனுச் செய்யலாம். போலீஸ் புகார், மருத்துவமனை அறிக்கை, புகைப்படம், நேரில் பார்த்தவரின் சாட்சி ஆகியவை இங்கே பேசும். கூடவே 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். அதற்கு மணவிலக்கு மனு தேவையில்லை.

மூன்றாவது, ஜீவனாம்சம் தகராறாகும்போது. 78ஆவது பிரிவு இருவரின் வருமானத்தையும் தேவையையும் முதலில் பார்க்கச் சொல்கிறது. அதோடு, திருமணம் முறிந்ததற்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதையும் கவனிக்கச் சொல்கிறது. அங்கே குற்றத்துக்குப் பணமதிப்பு உண்டு.

நான்காவது, கள்ள உறவு. 58ஆவது பிரிவின்படி அந்த மூன்றாம் நபரையும் வழக்கில் சேர்த்து நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் சந்தேகம் சாட்சியாகாது. கைப்பேசியில் வந்த ஒரு குறுஞ்செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஐந்தாவது, ஆள் போன இடம் தெரியாதபோது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்தவர் திரும்பவே இல்லை என்ற கதை ஜோகூரில் புதிதல்ல. இங்கே கைவிடல் என்ற காரணம் கைகொடுக்கும். வழக்கமாக ஒருதலை மனுவுக்கு முன்பு தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். இருப்பிடம் தெரியாமல் கைவிடப்பட்டவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

ஒன்றை நினைவில் வையுங்கள். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகும் முன் மனுச் செய்ய முடியாது. அசாதாரணமான துன்பம் இருந்தால் நீதிமன்ற அனுமதியோடு செய்யலாம். முதல் தீர்ப்பு கிடைத்த பிறகும் அது முழுமையாக மூன்று மாதம் ஆகும். அதற்குள் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துவிடக் கூடாது.

எப்போது வேண்டாம்?

குற்றம் சாட்டினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகள் யாரிடம் என்பதைப் பெற்றோரின் குற்றம் முடிவு செய்வதில்லை. பிள்ளையின் நலனே முக்கியம் என்கிறது 88ஆவது பிரிவு. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நல்லது என்பது அதன் தொடக்க அனுமானம். சொத்துப் பங்கீடும் தண்டனையாக வருவதில்லை. 2017இல் நிறைவேறி 2018 டிசம்பர் 15இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வீட்டைக் கவனித்தவரின் பங்களிப்பையும் பார்த்துச் சமமாகப் பிரிக்கும் பக்கம் நீதிமன்றம் சாய வேண்டும்.

அப்படியிருக்க, வெறும் ஆத்திரத்துக்காகக் குற்றப்பட்டியல் எழுதினால் யாருக்கு லாபம்? எதிர்த் தரப்பும் ஒரு பட்டியல் எழுதும். வழக்கு இழுக்கும், செலவு ஏறும். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் கூண்டில் ஏறுவார்கள். பிறகு பிள்ளையின் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அதே இரண்டு பேர் ஒரே மணவறையில் நிற்க வேண்டும். மனம் ஒத்துப் பிரிய முடிந்தால் அதுவே மேல்.

உலகம் எங்கே போகிறது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1970இலேயே குற்றம் தேடுவதை விட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன், தாமே மணவிலக்குப் பெற்றவர். இந்தியா 1976இல் பரஸ்பர சம்மத மணவிலக்கைச் சேர்த்தது. இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு ஒரு மனைவியின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயும், கணவரின் நடத்தை போதிய அளவு மோசமில்லை என்று அவருக்கு மணவிலக்கு கிடைக்கவில்லை. அதைப் பார்த்து நாடே விழித்துக்கொண்டது. 2022 ஏப்ரல் 6 முதல் அங்கே குற்றம் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூரும் 2024 ஜூலை 1 முதல், குற்றம் சாட்டாமல் இருவரும் ஒப்புக்கொண்டு பிரியும் புதிய வழியைத் தந்திருக்கிறது. நமக்கு அந்த வழி 1982 முதலே உண்டு என்பதில் கொஞ்சம் பெருமைப்படலாம்.

முஸ்லிம் தமிழர்களுக்குச் சட்டம் வேறு. அவர்கள் ஷரியா நீதிமன்றத்தில் ஃபசாக் என்ற முறையில், கணவன் பராமரிக்கவில்லை, கொடுமை செய்தான் போன்ற காரணங்களைக் காட்டலாம். துணைவர் இஸ்லாத்துக்கு மாறும்போது எழும் வழக்குகளும் தனி. 2018இல் திருமதி இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாம் அறிவோம். அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இன்றும் பதிவு செய்யாமல் கோயிலில் தாலி கட்டியதோடு நிற்கும் இளம் தம்பதிகள் நம்மிடையே இருக்கிறார்கள். பதிவு இல்லாத திருமணம் செல்லுமா, செல்லாதா என்று நீதிமன்றங்களில் வாதம் நடந்திருக்கிறது. அந்த வாதத்தின் நடுவே உங்கள் மகள் நிற்க வேண்டுமா? பாட்டிக்குச் சட்டமே இல்லை. பேத்திக்குச் சட்டம் இருந்தும் சீட்டு இல்லை என்றால் அந்தப் பழியை யார் மீது போடுவது? பத்திரிகை அடிப்பதற்கு முன் பதிவை முடித்துவிடுங்கள்.

பிரிவு தவிர்க்க முடியாதது என்றானால் பஞ்சாயத்துத் தாளோடு நிற்காதீர்கள். ஜோகூர் பாருவிலும் மூவாரிலும் உயர்நீதிமன்றம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவின் ஜோகூர்க் கிளையை நாடலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் உண்டு.

குற்றம் சாட்டுவது பாவம் அல்ல. வேறு வழி இல்லாதவருக்கு அது ஒரு கவசம். வேறு வழி இருப்பவர் அதை வாளாகச் சுழற்றினால் வெட்டுப்படுவது பிள்ளைகள்தான். எது உங்கள் நிலை என்று ஆத்திரம் அடங்கிய ஒரு நாளில், விவரம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து யோசியுங்கள்.